சரி என்று தலையாட்டியவன்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கணக்கைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கணக்கிடம் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா என்னைத் திண்டிவனத்தில் ஒரு மண்டிக்கு அழைத்துப் போனார். மல்லாட்டை பன்னிரண்டு மூட்டை. மூட்டை 485 ரூபாய். சீட்டில் 5,420 என்று போட்டிருந்தது.

"சரியா இருக்காடா?" என்றார் அப்பா. படிக்கிற பிள்ளை அல்லவா!

"சரிப்பா" என்று தலையாட்டினேன்.

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மா இரவு சொன்னாள்: "பன்னண்டு ஐந்நூறு ஆறாயிரம். மூட்டைக்குப் பதினஞ்சு கொறைச்சா நூத்தியெம்பது போவும். ஐயாயிரத்து எண்ணூத்தி இருவது வரணுமே!"

நானூறு ரூபாய் போயிற்று. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

என்னை வகுப்புக்கு வகுப்பு ஏற்றிவிட்டவர்களும் இப்படித்தான் தலையாட்டியிருக்க வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனையோ ஆறாம் வகுப்பில் இரண்டு முறை நிறுத்திவைத்தார்கள். அவன் மரக்காணத்து உப்பளத்துக்குப் போய்விட்டான்.

அதனால்தான், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொன்னபோது மகிழ்ந்தேன். 2019-இல் அதைத் திருத்தி, முடிவை மாநிலங்களிடம் விட்டார்கள். தமிழ்நாடு பழைய வழியிலேயே நின்றது. நல்லதுதான். ஆனால் அதே சட்டத்தில் 24-ஆவது பிரிவும் உண்டு. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட்டு, வேண்டியவர்களுக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்கிறது அது. 16-ஐப் பற்றி எத்தனையோ வாதம் கேட்டிருக்கிறேன்; 24-ஐப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டால் சட்டமும் என்னைப் போல் தலையாட்டுகிற பிள்ளைதான்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யை முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில். மறு ஆண்டு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. எட்டு வயதுக் குழந்தை படிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும் என்று 2025-ஐக் கெடுவாக வைத்தது. 24-ஆவது பிரிவு கேட்ட வேலை இதுதான்.

அந்த நாட்களில் ஒரு மாலை, விழுப்புரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கல்லூரிப் பெண் ஒருத்தி கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தேன். ஒரு சிறுமி எழுந்து, "புரியலைக்கா" என்றாள். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் புளியங்கொட்டைகளைக் கொட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்த ஒரு சொல் அன்று என் வாயில் வரவில்லை. வந்தாலும், திரும்பச் சொல்லித்தர எனக்கு ஆள் இருந்ததா?