பழிக்குப் பயந்தவன்

மென்பொருளை முழுத் திட்டம் போட்டுவிட்டுக் கட்டுவதா, கொஞ்சம் கட்டிக் காட்டித் திருத்திக்கொண்டே போவதா என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசக்கூடியவன் நான். ஆனால் நான் குழுத் தலைவனாக இருந்த இரண்டு வேலைகளில், வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. கெட்டுப்போனால் பழி என் தலையில் விழாமலிருக்க எது உதவும் என்றுதான் பார்த்தேன்.

முதலாவது, ஒரு பார்சல் சர்வீஸுக்கான புக்கிங் மென்பொருள். தடிமனான ஆவணம் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினேன். புக்கிங் கிளார்க்குகள் திரையை முதன்முதலில் பார்த்ததே அதை நிறுவிய அன்றுதான். சாயங்காலம் மூட்டைகள் மொத்தமாக வந்து இறங்கும். லாரி கிளம்புவதற்குள் அத்தனைக்கும் எல்.ஆர். என்கிற லாரி ரசீது போட்டாக வேண்டும். ஊருக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் எழுதி வேகமாகப் போட்டுப் பழகியவர்களை எங்கள் திரை கட்டம் கட்டமாக மௌஸைப் பிடித்து நகர வைத்தது. "இதை வெச்சு எப்படி சார் லோடு அனுப்பறது?" என்று முதலாளி கேட்டார். நான் கையெழுத்துப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். திருத்தத்துக்குத் தனிக் கட்டணமும் கேட்டேன். நான் கையாண்ட, படிப்படியாக இறங்கும் அருவி முறைக்கு மூலம் என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையை நான் படித்திருந்தேன். அந்த வரிசையை அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்று அவரே அதில் எழுதியிருக்கிறார்.

அடுத்தது, மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்கு. இந்த முறை அஜைல் என்றேன். 2001-இல் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் அறிக்கை, திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதை மேலாக வைக்கிறது. திட்டத்துக்கும் மதிப்புண்டு என்று அதே அறிக்கை சொல்வதை வசதியாக விட்டுவிட்டேன்.

மருந்துச் சரக்கைப் பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. ஒரே மாத்திரைக்கு பேட்ச் மாறினால் காலாவதித் தேதி மாறும், எம்.ஆர்.பி.யும் மாறலாம். விற்பனை, ரிட்டர்ன், காலாவதிச் சரக்கு எல்லாமே பேட்ச் வாரியாகத்தான். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் முதல் வாரமே கேட்டார்: "சார், பேட்ச் எங்க வைக்கிறோம்?" அடுத்த ஸ்பிரிண்டில், அதாவது அடுத்த குறுகிய வேலைச் சுற்றில், பார்க்கலாம் என்றேன். அடுத்ததிலும் அதையே சொன்னேன். உட்கார்ந்து சரக்குக் கணக்கின் அமைப்பை வரைந்தால் டெமோ தள்ளிப்போகும். வரைந்தது தப்பானால் அதில் என் பெயர் இருக்கும். காரணம் அவ்வளவுதான்.

திரை எப்படி இருக்க வேண்டும் என்பது ஆள் உட்கார்ந்து ஓட்டினால்தான் தெரியும், மாற்றுவதும் சுலபம். சரக்குக் கணக்கின் அடித்தளம் அப்படியல்ல. கோடவுனில் ஒரு பகல் நின்று கேட்டாலே தெரிந்துவிடும், ஆனால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. நான் திரையைக் காகிதத்தில் பூட்டினேன், அடித்தளத்தைத் தள்ளிப்போட்டேன்.

கடைசியில் பில்லிங்கையும் ரிட்டர்னையும் பிரித்து மறுபடி எழுதினோம். ஏற்கெனவே மென்பொருளில் ஏற்றிய சரக்குக்கு பேட்ச் எண் இல்லாததால், கடைப் பையன்கள் கோடவுன் முழுவதையும் அட்டை அட்டையாக எடுத்துப் பார்த்து எழுதினார்கள். என் குழு இரவெல்லாம் உட்கார்ந்தது. வாடிக்கையாளர் தேவையை மாற்றிவிட்டார் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அவர் எதையும் மாற்றவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வி முதல் வாரக் கூட்டக் குறிப்பிலேயே இருந்தது. அதை அறிக்கையில் நான் சேர்க்கவில்லை.