மூன்று கல்லூரிகள், ஒரு கறுப்புக் கோட்டு

என் மகளுக்குச் சட்டம் படிக்க மூன்று இடங்களில் அனுமதி கிடைத்தது. கிளாட் தேர்வில் ஹைதராபாத் நால்சார், தனித் தேர்வில் தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம், மகாராஷ்டிர நுழைவுத் தேர்வில் புனேயின் ஐ.எல்.எஸ். கல்லூரி. “புனேயா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்றார்கள் நாக்பூரில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்கள்.

இருந்தது. அவள் வாதாட விரும்புவது இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில். சாட்சிகள் மராத்தியில் பேசும் இடம் அது.

1988இல் பெங்களூரில் முதல் தேசிய சட்டப் பள்ளி வகுப்புகளைத் தொடங்கியபோது, மாதவ மேனனின் கனவு நீதிமன்றங்களுக்கு நல்ல வக்கீல்கள். ஆனால் இத்தகைய பள்ளிகளில் படித்தவர்களில் கணிசமானோரை கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் வளாகத்திலேயே அள்ளிக்கொள்கின்றன. மாணவர்களைக் குறை சொல்வானேன்? படிப்பு முடிந்து ஓராண்டில் கல்விக் கடனுக்குத் தவணை ஆரம்பித்துவிடும். நகரத்து ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று பார் கவுன்சில் 2024இல் சொன்னது. அதுவும் சிபாரிசுதான், கட்டாயமில்லை.

நால்சாரில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல் ஆகும். புனேயில் அதில் ஒரு சிறு பங்கு. என் மனைவி நால்சார் கட்சி. பெரிய பெயர் வாழ்நாள் முழுக்கக் கூட வரும் என்பாள். பொய்யில்லை. மகள்தான் கேட்டாள்: “அப்பா, நான் என்ன வேலைக்குப் போகணும்னு பேங்க்கா முடிவு பண்ணணும்?”

புனேக்குப் பணம் கட்டிவிட்டோம். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஹாஸ்டலுக்கு ஊறுகாய் போடத் தொடங்கினாள்.