‘எனக்கு அவ்வளவா வராதுங்க!’

வேல்ஸ் நாட்டின் தெற்கே, லனெல்லி நகருக்குப் பக்கத்தில் லாங்கெனெக் என்று ஒரு கிராமம். 1952-ல் அங்கே வசித்த ட்ரெவோர் பீஸ்லி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மனைவி அய்லீன், ஆசிரியை. வீட்டு வரி கட்டச் சொல்லி அவர்களுக்கு நோட்டீஸ் வந்தது, ஆங்கிலத்தில் மட்டும். ஊரில் பெரும்பாலானவர்கள் பேசியதோ வெல்ஷ் மொழி. வெல்ஷில் நோட்டீஸ் தந்தால்தான் வரி கட்டுவோம் என்று தம்பதி உறுதியாக நின்றார்கள்.

கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார்கள். ஜப்தி செய்ய ஆட்கள் வந்து பியானோவையும் மேசை நாற்காலிகளையும் தூக்கிப்போனார்கள். அப்படியும் இருவரும் அசையவில்லை. கடைசியில் 1960-ல் இரண்டு மொழிகளிலும் நோட்டீஸ் வந்தது.

இன்று அந்தச் சண்டைக்கே அவசியமில்லை. 2011-ல் வந்த சட்டம், வேல்ஸில் வெல்ஷுக்கு ஆட்சிமொழித் தகுதியை உறுதிசெய்துவிட்டது. பொதுவாக அரசாங்கப் படிவங்கள், கடிதங்கள், இணையதளங்கள் எல்லாம் இரண்டு மொழிகளிலும் கிடைக்கின்றன.

ஆனால், காகிதத்துக்கு ஒரு வசதி உண்டு. ஒருமுறை மொழிபெயர்த்தால் ஊருக்கே போதும். கவுன்சில் அலுவலக கவுன்ட்டரில் பேசுவதற்கும், போனை எடுப்பதற்கும், ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி டியூட்டி பார்ப்பதற்கும் மனிதர்கள்தான் வேண்டும். சட்டம் உரிமையைக் கொடுக்கலாம், வாய் திறந்து பேச ஆள் வேண்டாமா? அதனால்தான் வேல்ஸில் மொழிப் பிரச்னை இப்போது வேலை விளம்பரத்தில் வந்து நிற்கிறது.

அங்கே பல பொது நிறுவனங்களில் ஒரு பணியிடம் காலியானால், முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வெல்ஷ் கட்டாயமா, சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ள வேண்டுமா, தெரிந்தால் நல்லதா, தேவையே இல்லையா? இந்த நான்கில் ஒன்றைச் சொல்லித்தான் விளம்பரம் கொடுக்க வேண்டும்.

‘கட்டாயம்’ என்று போட்டால், மொழி தெரியாதவர்களுக்கு வருத்தம். பிறந்த நாட்டிலேயே கதவு அடைபடுகிறதே என்பார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ‘தெரிந்தால் நல்லது’ என்று போட்டால், மொழி தெரிந்தவர் வராமலே போகலாம். 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5,38,000 பேர், அதாவது 17.8 சதவிகிதம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்பது அரசின் இலக்கு.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மொழி தெரிந்தவர்களிலேயே பலர், விண்ணப்பத்தில் ‘தெரியும்’ என்று எழுதத் தயங்குகிறார்கள். வீட்டில் பாட்டியிடம் வெல்ஷ்தான், கடைத்தெருவிலும் வெல்ஷ்தான். ஆனால் ஆபீஸ் கடிதம் என்றால் கை நடுங்குகிறது. ‘நாம் பேசுவது கலப்பு மொழி, இலக்கணம் தப்பும், எனக்கு அவ்வளவா வராதுங்க’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அலுவலக வேலைகள் ஆங்கிலத்திலேயே நடந்தால், வேறென்ன ஆகும்?

ஆனால், தேவைப்படுவது அவர்கள்தான். டிமென்ஷியா வந்த முதியவர் ஒருவருக்கு, பின்னாளில் கற்ற ஆங்கிலம் மெல்ல நழுவிப்போகலாம். சின்ன வயதில் பேசிய மொழி மிச்சமிருக்கும். “எங்கே வலிக்குது?” என்று அந்த மொழியில் கேட்கும் நர்ஸிடம் அவர் இலக்கணமா பார்க்கப்போகிறார்? இப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான், வேல்ஸ் சுகாதாரத் துறையில் ஒரு நெறியைக் கொண்டுவந்தார்கள். நோயாளி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, ஊழியரே முதலில் வெல்ஷில் பேச முன்வர வேண்டும்.

ஆகவே ‘வெல்ஷ் தெரியுமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் போதாது. பேசினால் போதுமா, எழுதவும் வேண்டுமா என்று விளம்பரத்தில் பிரித்துச் சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். வீட்டுக்கு வந்து முதியவரைக் கவனித்துக்கொள்பவருக்கு அறிக்கை எழுதும் வெல்ஷ் எதற்கு? மொழி தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பணியில் சேர்ந்தபின், வேலை நேரத்திலேயே அடிப்படை வகுப்புக்குப் போகலாம்.

வெல்ஷ் பேசும் ஊழியர்கள் ஆரஞ்சு நிற பேட்ஜ் ஒன்றைக் குத்திக்கொள்கிறார்கள். காமிக்ஸில் வசனம் எழுதும் குமிழ் போல இருக்கும். அதைப் பார்த்தால் தயங்காமல் வெல்ஷில் பேசலாம். ‘கற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லும் பேட்ஜும் உண்டு. அதைக் குத்திக்கொண்டு தப்பும் தவறுமாகக் காலை வணக்கம் சொல்லும் ஊழியரைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்தாலே போதும், அவர் அடுத்த வாக்கியத்தைத் தானாகப் பேசுவார்.