மதுரையில் கோதுமையில்லாமல் மூன்று நாள்

மதுரைக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலையே கிடையாது என்பார்கள். தடுக்கி விழுந்தால் இட்லிக் கடை! ஆனால் கூட வருவது 'சீலியாக்' நோயுள்ள குழந்தை என்றால், அந்தத் தூங்கா நகரில் நாமும் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இவர்களுக்கு ஆகாது. அது உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்புறத்தைத் தாக்கிக் கெடுத்துவிடுகிறது. சாப்பிட்ட சத்து ஒட்டாமல் குழந்தை இளைத்து, வளர்ச்சி குன்றிப் போகும். ஆயுள் முழுக்கப் பத்தியம்தான் வழி. "ஒரு வாய்தானே, என்ன ஆகிடும்?" என்ற சமாதானமெல்லாம் இங்கே செல்லாது. (சந்தேகம் வந்தால் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் தெரியாமல் போகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.)

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையில் மீனாட்சியைத் தரிசிக்க அவளையும் அழைத்துப் போனோம். "அரிசிச் சாப்பாட்டு ஊர்தானே, பயமென்ன?" என்றார்கள் உறவினர்கள். அரிசியில் வம்பில்லை. பெருங்காயத்தில்தான் வம்பு! கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சிலவற்றில்தான் அரிசி மாவு. வீட்டில் டப்பாவின் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்கலாம். ஹோட்டலில் எந்த டப்பாவைத் தேடுவது? ஆகவே சாம்பார், ரசம், தாளித்த தயிர்சாதம், மிளகாய்ப் பொடி எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டோம். பெருங்காயமில்லாமல் வீட்டில் இடித்த பொடி ஒரு டப்பா கூடவே வந்தது.

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு ஹோட்டல். காலை ஆறரை மணிக்கே போய்விட்டோம். கூட்டம் சேருமுன் போனால்தான் நம் பேச்சைக் காதில் வாங்குவார்கள்.

"தோசையில மைதா இருக்காப்பா?"

"சேச்சே, கிடையாதும்மா."

"ரவை?"

"ரவை கொஞ்சம் போடுவோம். முறுகலா வரணுமே!"

ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது நமக்கே பல சமயம் மறந்து போகிறது. அவரைச் சொல்லி என்ன? கோதுமை, மைதா, ரவை, சேமியா என்று நாலையும் தனித்தனியாகக் கேளுங்கள். மாவில் ரவை இல்லாவிட்டாலும் கல் ஒன்றுதான். ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வரும். பூரி பொரித்த எண்ணெயிலேயே வடையும் வேகும். நான் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, சரக்கு மாஸ்டரிடமே காட்டச் சொன்னேன். அவர் வெளியே வந்து, "பாப்பாவுக்கு இட்லி குடுங்க, அதுல அரிசி உளுந்துதான். சட்னி தாளிக்காம எடுத்துத் தர்றேன்" என்றார். நல்ல மனிதர்!

மத்தியானம் வாழையிலையில் வெறும் சோறு, வீட்டு நெய், தாளிக்காத தயிர், மலைவாழைப்பழம். இலையில் ஒரு சௌகரியம்: முன்னால் சாப்பிட்டவர் மிச்சம் ஒட்டியிருக்குமோ என்ற பயமில்லை. ராத்திரி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கிடைத்தன. கோதுமை இடியாப்பமும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். பாலில் மால்ட் பவுடர் கலந்து கொடுத்தால் வேண்டாம். மால்ட் என்பது பார்லி.

அந்தி சாய்ந்தால் தெருவெங்கும் பரோட்டாக் கல் தாளம் போட ஆரம்பித்துவிடும். மைதா பறக்கும் அந்தக் கடைகளில் 'இட்லி மட்டும்' என்றுகூட உட்காராதீர்கள்.

"சித்தி, வாசனை மட்டும் பிடிச்சுக்கட்டுமா?" என்றாள் குழந்தை.

கோடையல்லவா? எதிர்ப்புறம் நுங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். ஆறு நுங்கு வாங்கிக் கொடுத்தேன்.