திறந்த குழாயும் தீராத கடமையும்

நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் கூறுவது குருவானவரின் கடமைகளுள் ஒன்று. ஆனால், ஆறுதல் என்ற பெயரால் நாம் அறியாத ஒன்றுக்கு வாக்குறுதி அளிப்பது பெரும் பிழை. அப்பிழையை ஒருமுறை நாமே செய்தோம். நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி அதனை இங்கு எழுதுகிறோம்.

நம் பங்கின் கோயில்பிள்ளைக்கு அப்போது அகவை 68. நான்கு வகை மாத்திரைகள் உண்டும் அவரது இரத்த அழுத்தம் தணியவில்லை. இருமுறை நள்ளிரவில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், இரு சிறுநீரகங்களுக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் சுருங்கியிருப்பதாகக் கூறினார்.

இரத்தம் குறைவாக வந்தால், உடல் முழுவதிலுமே அழுத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தவறாக உணர்கிறது. உடனே ரெனின் என்னும் பொருளைச் சுரந்து அழுத்தத்தை உயர்த்துகிறது. சிறுநீரகக் குழாயை இறுக்கினால் அழுத்தம் உயரும் என்பதை 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் என்னும் அமெரிக்க மருத்துவர் நாய்களிடம் சோதித்துக் காட்டினார். சுருங்கிய குழாயை அறுவையின்றிப் பலூனால் விரிக்கும் முறையை 1978-இல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்பவர் சூரிச் நகரில் சிறுநீரகத்துக்குக் கையாண்டார்.

அச்சிகிச்சையைத்தான் நம் கோயில்பிள்ளைக்கும் செய்யவேண்டும் என்றார்கள். அவரோ அஞ்சினார். "சாமி, நீங்கள் சொன்னால்தான் சம்மதிப்பார்" என்றார் அவர் மனைவி. நாமும் சென்றோம். மருத்துவர் பொறுமையாக விளக்கியதில் பாதியைக் கேட்டோம். மீதியை நம் ஆசையால் நிரப்பிக்கொண்டோம். "ஒரு மணி நேர வேலைதான், ஐயா. குழாய் திறந்துவிட்டால் அப்புறம் மாத்திரைக்கே வேலையில்லை" என்று கூறிவிட்டோம். அவர் கையொப்பமிட்டார்.

முந்திய மாலை அவருக்கு நோயில்பூசுதல் அளித்தோம். "அவஸ்தைப்பூசுதலா?" என்று மகள் விம்மினாள். அது சாவோருக்கு மட்டும் உரியதன்று, கடும் நோயுற்றோர்க்கெல்லாம் உரியது என்பதை விளக்கினோம். திருவருட்சாதனத்தைப் பற்றிச் சரியாக விளக்கிய நாம், சிகிச்சையைப் பற்றித் தவறாக விளக்கியிருந்தோம்!

மறுநாள் நடந்ததை அவரே பிறகு கூறினார். மயக்கம் கொடுக்கவில்லை; தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் வழி தெரிவதற்கென மருந்து செலுத்தியபோது உடலெங்கும் வெம்மை பரவிற்று. பலூன் விரிந்தபோது விலாப்பக்கம் கனத்து வலித்தது. சுருங்கியதும் வலி அகன்றது. மீண்டும் சுருங்காதிருக்க ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயைப் பொருத்தினார்கள். "மூன்று முறை ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்லி முடிக்குமுன் எல்லாம் முடிந்தது, சாமி" என்றார். பின் பல மணி நேரம் காலை மடக்காது படுத்திருந்தார். ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கசிகிறதா, அழுத்தம் திடீரெனத் தாழ்கிறதா, சிறுநீர் பிரிகிறதா என்று செவிலியர் இடைவிடாது கவனித்தனர். இரண்டாம் நாள் வீடு திரும்பினார்.

நன்றித் திருப்பலி நிறைவேற்றினோம். நம் சொல்லை வேதவாக்காகக் கொண்ட அம்மனிதர் மாத்திரைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டார். இருபதாம் நாள், காலை மணி அடிக்க வந்தவர் கயிற்றைப் பிடிக்க இயலாது நின்றார். கை தளர்ந்திருந்தது; நாக்குக் குழறிற்று. உடனே கொண்டுசென்றதால், இறையருளால் அன்று மாலைக்குள் பேச்சும் வலுவும் திரும்பின. மருத்துவர் நம்மைக் கடியவில்லை. "சாமி, நாங்கள் குழாயைத்தான் திறந்தோம். நோயைத் துடைத்தெடுக்கவில்லை" என்றார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் நிற்கிறது.

அதன்பின் நாம் கேட்டறிந்தவை இவை. முதியோரிடம் இக்குழாய்கள் சுருங்குவது பெரும்பாலும் கொழுப்புப் படிவதால். அவர்களுக்கு இச்சிகிச்சைக்குப்பின் அழுத்தம் குறையலாம், மாத்திரைகளின் எண்ணிக்கை குறையலாம். முற்றாக நீங்குவது அரிது. சிறுநீரகத்தின் திறன் சிலருக்கு உயரும், பலருக்கு அவ்வாறே நிற்கும், சிலருக்குத் தாழவும் கூடும். திரைக்கென ஏற்றும் மருந்தும், பெயர்ந்து செல்லும் கொழுப்புத் துகள்களும் தீங்கு செய்வதுண்டு. ஸ்டென்டினுள் இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. திறந்த குழாய் மீண்டும் சுருங்கவும் கூடும். புகைப்பதை விடுவதும் உப்பைக் குறைப்பதும் என்றும் தொடரவேண்டிய கடமைகள்.

மேலும், 2009-இல் 806 நோயாளிகளைக் கொண்டு வெளியான ஆஸ்ட்ரல் ஆய்வும், 2014-இல் 947 பேரைக் கொண்டு வெளியான கோரல் ஆய்வும், கொழுப்பால் சுருங்கிய குழாய்களில் பொதுவாக மருந்துகளே போதும், ஸ்டென்டால் கூடுதல் நன்மை தெளிவாகக் காணப்படவில்லை என்று காட்டின. ஆயினும் நம் கோயில்பிள்ளையைப்போல் நுரையீரலில் திடீரென நீர் கோப்பவர்களுக்கு மருத்துவர்கள் இதனை இன்றும் பரிந்துரைக்கின்றனர். இளம் பெண்களிடம், கொழுப்பின்றிக் குழாயின் சுவரே பழுதுபட்டு வரும் வேறொரு வகை உண்டு. அதற்குப் பலூன் மட்டுமே பெரும்பாலும் போதுமானது. அழுத்தம் முற்றிலும் நீங்குவதும் அவர்களிடமே மிகுதி.

எனவே, கையொப்பமிடுமுன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு இது எதற்காக? மருந்தோடு மட்டும் இருந்தால் என்ன ஆகும்? சிகிச்சைக்குப்பின் எந்த மாத்திரைகள் தொடரும்? விடையைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக் ஞானநூல், அவர் சொல்வதை முழுமையாகக் கேட்கவும் நம்மைத் தூண்டவேண்டும் அன்றோ!

நம் கோயில்பிள்ளை இன்று மூன்று மாத்திரைகளோடு நலமாயிருக்கிறார். இரவு மூச்சுத்திணறல் திரும்பவில்லை. நாள்தோறும் காலை மணி அடித்ததும், "மாத்திரை போட்டாயிற்று, சாமி" என்று நம்மிடம் கூறிவிட்டே பீடத்தில் திரி ஏற்றுகிறார். நாமும் இறைவனுக்கு நன்றி கூறித் திருப்பலியைத் தொடங்குகிறோம்.