மரை சுத்தமாக இருந்தால்தான் டார்க்

சர்வீஸுக்கு வண்டி விடுகிறவர்களில் பாதிப் பேர் சாவியைக் கொடுக்கும்போது, "அண்ணே, எல்லா போல்ட்டும் ஃபுல் டைட் பண்ணிடுங்க" என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் ஃபுல் டைட் என்று ஓர் அளவு எந்தக் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்திலும் கிடையாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனித்தனி எண்தான் இருக்கும்.

முறுக்க முறுக்க போல்ட் நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீள்கிறது. பழையபடி சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. தலையில் 8.8 என்று குத்தியிருக்கும் 8 எம்.எம். போல்ட்டை 25 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால், ஏறக்குறைய ஒன்றரை டன் பிடிப்பு கிடைக்கும். அளவுக்கு மீறி முறுக்கினால் நீண்டது நீண்டதுதான், திரும்பச் சுருங்காது. அப்புறம் அந்த போல்ட்டை நம்பக் கூடாது.

நாம் கொடுக்கும் முறுக்கில், அதாவது டார்க்கில், சுமார் பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது. ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது, மிச்சத்தை மரை தின்றுவிடுகிறது. டார்க் ரெஞ்ச் இந்த மொத்தத்தையும் சேர்த்துத்தான் அளக்கிறது. எவ்வளவு பிடித்தது என்று அதற்குத் தெரியாது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வேலை செய்கிறவனுக்கு இது வெறும் பாடம் இல்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கடல். உப்புக் காற்று எந்த போல்ட்டையும் விட்டுவைப்பதில்லை. இரும்பில் துரு, அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்த தூள். அப்படிப்பட்ட மரையில் முறுக்கினால் போல்ட் கிறீச்சென்று கத்திக்கொண்டே போகும். ரெஞ்ச் 25இல் கிளிக் ஆகிவிடும், உள்ளே பிடிப்போ பாதிகூட இருக்காது. "அண்ணே, கிளிக் ஆயிடுச்சு" என்று பையன் சொல்லும்போது, "கழட்டு தம்பி, மரையைக் காட்டு" என்பேன்.

துருவுக்குப் பயந்து கிரீஸைத் தடவிவிட்டு அதே எண்ணுக்கு முறுக்குவது நேர் எதிரான ஆபத்து. உராய்வு குறைந்ததும் அதே 25 போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். புத்தகத்தில் ஆயில் போடச் சொல்லியிருந்தால் போட வேண்டும், சொல்லாவிட்டால் உலர்ந்த மரைக்குத்தான் அந்த எண்.

அதனால் என் கடையில் ரெஞ்ச் கடைசியாகத்தான் வரும். முதலில் கம்பி பிரஷ், பிறகு பெட்ரோலில் நனைத்த துணி. அடி மூடிய துளையாக இருந்தால் காற்றடித்துத் தூளை வெளியே தள்ள வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் அடியில் முட்டி நின்று, டைட் ஆனதுபோல் ஏமாற்றும். அப்புறம் விரலாலேயே அடிவரை திருகிப் பார்க்க வேண்டும். விரலுக்குப் போகாத போல்ட்டில் ஸ்பேனரை வைக்கவே கூடாது.

ஆயில் டிரெயின் போல்ட்டில்தான் இந்த ஊரில் அதிகச் சேதம். இன்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. ஸ்பேனரில் பைப் மாட்டி இழுத்தால் தோற்பது கேஸ்தான். அடுத்த முறை கழற்றும்போது போல்ட்டைச் சுற்றி வெள்ளிக் கம்பிச் சுருள் மாதிரி வரும். அது கேஸின் மரை. ஆயில் கசிகிறது என்று மேலும் முறுக்குகிறார்கள். பெரும்பாலும் வாஷரை மாற்றினாலே போதும்.

ரெஞ்சைச் சீராக இழுக்க வேண்டும், வெட்டி இழுக்கக் கூடாது. ஒரு கிளிக் போதும், உறுதிக்காக இன்னொன்று வேண்டாம். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்காவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிடும். போல்ட்டைக் கழற்றுவதற்கு இந்த ரெஞ்சைத் தொடவே கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 5,000 முறுக்குக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 6789 சொல்லும் பொதுக் கணக்கு. ரெஞ்ச் இல்லாமல் கை அளவிலேயே முறுக்கும், இருபது முப்பது வருஷக் கைப்பழக்கம் உள்ள மேஸ்திரிகளை நான் மதிக்கிறேன். ஆனால் காலையில் இருக்கும் கை மாலை ஆறு மணிக்கு இருப்பதில்லை. அச்சு நட்டுக்கும் பிரேக் காலிப்பருக்கும் என் கையைக்கூட நான் நம்புவதில்லை.

கடலோர ஊரில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் இரண்டு சக்கர அச்சுகளையும் காலிப்பர் போல்ட்டுகளையும் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு முறுக்கச் சொல்லுங்கள். கழற்றாமல் மேலே ரெஞ்சை வைத்து "செக் பண்ணிட்டேன்" என்றால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். துருப்பிடித்த போல்ட் எந்த எண்ணுக்கு வேண்டுமானாலும் கிளிக் கொடுக்கும்.