ஸ்டியரிங்கை வீட்லயே மாத்தலாமா?

கார்ல பேட்டரி மாத்தினேன், பல்பு மாத்தினேன்னு சொல்லுங்க, பக்கத்து வீட்டுக்காரர் "பரவாயில்லையே"ம்பார். ஸ்டியரிங் மாத்தினேன்னு சொல்லிப் பாருங்க, "சார், நான் பஸ்லயே வந்துடறேன்"னுடுவார். அவர் பயத்துலயும் நியாயம் இருக்குங்க. ஓடற வண்டில ஸ்டியரிங் கையோட வந்துடுச்சுன்னா பிள்ளையாரைத் தவிர வேற வழியில்லை.

எங்க வீட்ல இருக்கறது அப்பாவோட மாருதி 800, 2004 மாடல். 1983 டிசம்பர்ல வந்த 800-ஐ 2014 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. அப்பா மட்டும் நிறுத்தலை. 74 வயசுலயும் பேங்க், கோயில், மார்க்கெட் எல்லாத்துக்கும் அதுதான். இத்தனை வருஷ வெயில்ல ஸ்டியரிங் வளையம் பிசுபிசுன்னு ஆகி, அங்கங்க விரிசல் வேற. அதுக்கு மேல ஒரு கவர் போட்டு வெச்சிருந்தார். போன மாசம் தெருமுனையில கவர் சுத்துச்சே தவிர வண்டி திரும்பலை. நல்லவேளை, எதிர்ல இருந்தது மணல் குவியல்.

"இனிமே ஓட்டாதீங்கப்பா"ன்னு சொல்றது ரொம்ப சுலபம். கார் சாவியை வாங்கிட்டா அவர் வெளில போறதையே வாங்கின மாதிரி. மனசு வரலை. வேற ஸ்டியரிங் மாத்திடலாம்னு முடிவு பண்ணினேன்.

உடனே மச்சான், "சின்னதா ரேஸ் கார் ஸ்டியரிங் போட்டுடுங்க மாமா, சூப்பரா இருக்கும்"னார். 800-ல பவர் ஸ்டியரிங் கிடையாது. வளையம் சின்னதாக ஆக, கைக்கு பலம் அதிகம் வேணும். 38 செ.மீ. வளையத்துக்குப் பதிலா 32 செ.மீ. போட்டா கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுதலா இழுக்கணும். அப்பா தோள்பட்டைக்கு இது ஆகுமா? அதே மாடலுக்கான கம்பெனி ஸ்டியரிங்கே வாங்கினேன். ஷாஃப்ட் நுனியில இருக்கற பல்லும் ஸ்டியரிங் உள்ள இருக்கற பல்லும் சரியா பொருந்தணும். "கொஞ்சம் தட்டினா உக்காந்துடும் சார்"னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க.

இனி வேலை. (இது ஏர்பேக் இல்லாத வண்டிக்கு மட்டும்!)

முன் சக்கரம் ரெண்டும் நேரா நிக்கணும். பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டிடுங்க. நடுவுல இருக்கற ஹாரன் மூடியை எடுத்து, அதுக்கு வர்ற வயரைப் பிரிச்சா உள்ள ஒரு பெரிய நட்டு தெரியும். அதைத் தளர்த்துங்க, ஆனா முழுசா கழட்டாதீங்க. நாலஞ்சு மரை பிடிச்சிருக்கட்டும். ஏன்னா இறுகிப்போன ஸ்டியரிங் திடீர்னு விடும்போது நேரா மூஞ்சிக்குதான் வரும்!

இழுத்து வரலைன்னா சுத்தியலைத் தேடாதீங்க. விபத்துல டிரைவர் நெஞ்சைக் குத்தாம உள்ள மடங்கற மாதிரிதான் பல கார்கள்ல ஸ்டியரிங் தண்டு இருக்கும். தட்டித் தட்டி அதைக் கெடுத்துடக் கூடாது. புல்லர்னு ஒரு கருவி இருக்கு, மெக்கானிக்கிட்ட ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கலாம். மெதுவா திருகினா "டக்"குனு விடும். அப்புறம் நட்டை எடுத்து, ஷாஃப்ட்ல மேல்பக்கம் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்குங்க.

புதுசை அந்தக் கோட்டைப் பார்த்து நேரா உக்கார வைங்க. ஒரு பல்லு தள்ளிப் போனாலும் வண்டி நேரா போகும், ஸ்டியரிங் கோணலா இருக்கும். நட்டை டார்க் ரெஞ்ச் வெச்சு, மேனுவல்ல போட்டிருக்கற அளவுக்கு முறுக்கணும். கைக்கணக்கு இங்க வேண்டாம்.

மூடி போட்டு, பேட்டரி மாட்டினதும் வண்டியை எடுத்துடாதீங்க. ஸ்டியரிங்கைப் பிடிச்சு மேல, கீழ, முன்ன, பின்ன ஆட்டிப் பாருங்க. ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்புங்க. ஹாரன் அடிக்குதா, திரும்பி வரும்போது இண்டிகேட்டர் தானா அணையுதா பாருங்க. அப்புறம் காலி மைதானத்துல மெதுவா ஒரு ரவுண்டு. நான் பத்து ரவுண்டு ஓட்டினப்புறம்தான் அப்பாகிட்ட குடுத்தேன். ஓட்டிப் பார்த்துட்டு, "ஹாரன் சத்தம் கம்மியா இருக்கே"ன்னார். வேற எந்தக் குறையும் கண்டுபிடிக்கலை :-)

அடுத்த ஞாயிறே மச்சான் தன்னோட 2021 மாடல் காரோட வந்து நின்னார். "இதையும் மாத்திடலாமா மாமா?" முடியாதுன்னுட்டேன். இந்தியாவுல 2019 ஜூலை 1-லேர்ந்து புதுக்கார்கள்ல டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். அது வெறும் பலூன் இல்லைங்க. சுமார் 30 மில்லிசெகண்டுல விரியறதுக்காக உள்ள வெடிமருந்து வெச்ச சமாச்சாரம். பேட்டரியைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் அதுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னாடி சுருள் சுருளா கிளாக் ஸ்பிரிங்னு ஒண்ணு வேற. கழட்டி வெச்சப்போ அதைச் சுத்திட்டா, பிறகு ஒருநாள் திருப்பும்போது அறுந்துடும். ஏர்பேக்கும் போச்சு, ஹாரனும் போச்சு.

ஏர்பேக்கை எடுத்துட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாம இருக்க ஒரு ரெசிஸ்டரைச் சொருகித் தர்றவங்களும் இருக்காங்க. விளக்கைத்தான் ஏமாத்தலாம். மச்சான் கொஞ்சம் முறைச்சார். அக்கா பொண்ணை நான் அந்த வண்டிலதான் அனுப்பணும், அதனால பரவாயில்லை.

டிஸ்கி: கைல மேனுவல், புல்லர், டார்க் ரெஞ்ச் மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. மிச்சம் பிடிக்கற காசு ஒரு பிரியாணிக்குக் கூட காணாது!